மூணு செகண்டில் திறக்கும் கடை

அஹமது பாஷா டீயை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்துத் தன் கடையைத் திறந்தார். திறக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார் என்பதுதான் சரி. திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. ஒரு வாய் டீ குடித்தார். வட்டம் சுற்றியது. இன்னொரு வாய். ஒரு தோல்பையின் கைப்பிடி மட்டும் வந்து நின்றது. பையைக் காணோம்.

"சோபனாம்மா, இங்க வா. டீ ஆறிப்போச்சு. கடை இன்னும் தொறக்கல."

சோபனா போய்ப் பக்கத்தில் நின்றாள். கைப்பிடிக்குக் கீழே பை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"சிக்னல் கம்மியா இருக்கும், பாய்."

"வாங்கறவன் ஊர்ல மட்டும் சிக்னல் ஜாஸ்தியா இருக்குமா? மூணு செகண்டுதான் நிப்பானாம். அதுக்கப்புறம் அடுத்த கடைக்குப் போய்ட்றான்." அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். "நோன்பு ஆரம்பிக்க மூணு வாரம் இருக்குது. பண்டிகைக்கு வாங்கறவன் அதுக்கு முன்னாடியே பாக்க ஆரம்பிச்சுடுவான். அதுக்குள்ள இது சரியாகலன்னா மூடிட்றேன். சரக்கு மொத்தமும் மெட்ராஸ் வியாபாரிக்குப் போய்டும். உங்கிட்ட சொல்லாம செஞ்சேன்னு இருக்கக்கூடாது, அதான் சொல்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சோபனாவுக்குப் பயம் வந்தது.

அந்தக் கடைக்குப் பலகை கிடையாது. ஆம்பூரில் பைபாஸ் ஓரம் ஒரு மாடிக் கட்டடம். கீழே தையல் மெஷின்கள், மேலே சரக்கும் பாக்கிங்கும். வாங்குகிறவர்கள் யாரும் படியேறி வந்ததில்லை. எல்லாரும் போனில் பார்த்து, போனிலேயே வாங்கி, ஒருநாள் வீட்டு வாசலில் பொட்டலத்தைப் பிரிக்கிறவர்கள். அவர்களுக்கும் பைக்கும் நடுவில் இருந்தது சோபனா எடுத்த படங்கள் மட்டும்தான்.

சோபனாவுக்கு வயது முப்பத்தெட்டு. ஊர் மாதனூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பிரிவில் சேர்ந்தாள். பதனிட்ட தோல் மேசைக்கு வரும். உள்ளங்கையால் தடவ வேண்டும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும், ஃபர்ஸ்டா செகண்டா தேர்டா என்று சொல்ல வேண்டும். முள் கீறல், உண்ணி கடித்த புள்ளி, கழுத்துச் சுருக்கம், சூடு போட்ட தழும்பு என்று ஒரு ஆடோ மாடோ உயிரோடு இருந்தபோது பட்டதெல்லாம் தோலில் இருக்கும். புதிதாக வந்தவர்கள் இரண்டு தரம் தடவுவார்கள். சோபனா ஒருதரம் தடவினால் போதும். பதினாறு வருஷத்தில் அவள் ஃபர்ஸ்ட் என்று சொன்ன தோலை வாங்க வந்தவர்கள் திருப்பியது கிடையாது. அவளுக்குக் கல்யாணம் ஆனதும், பெண் பிறந்ததும், கணவன் மதியழகன் ஷேர் ஆட்டோ வாங்கியதும் எல்லாம் அந்த மேசையில் நின்ற வருஷங்களில்தான்.

பிறகு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். தரம் பிரித்த தோலை வெளியிலிருந்து வாங்கினால் போதும் என்று முடிவானது. ஷூ கம்பெனிகளில் தையல் வேலைக்குக் கேட்டுப் பார்த்தாள். வயது முப்பதுக்குள் வேண்டும் என்றார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தாள். அந்த எட்டு மாதமும் கை சும்மா இருந்ததுதான் அவளுக்கு ஞாபகம். பஸ் சீட்டின் ரெக்சினைத் தடவிப் பார்த்துவிட்டுத் தானே வெட்கப்பட்டிருக்கிறாள்.

அஹமது பாஷா வாணியம்பாடிக்காரர். அவருடைய அப்பா தோல் வியாபாரி. சோபனாவின் கையைப் பற்றி அந்தக் காலத்திலேயே கேள்விப்பட்டிருந்தார். "எனக்கு படம் எடுக்கத் தெரிஞ்ச ஆள் வாணாம். பாத்து சொல்றதுக்கு ஆள் வேணும்," என்று சொல்லித்தான் அவளை வேலைக்கு எடுத்தார். அவருடைய பைகளில் தோலுக்கு மேல் பெயின்ட் பூசுவதில்லை. துளை, ரேகை, தழும்பு எல்லாம் அப்படியே தெரியும். ஒரு பை போல இன்னொரு பை இருக்காது. அதனால் சோபனா ஒரு மாடலுக்கு ஒரு படம் என்று வைக்கவில்லை. நானூற்று முப்பது பைக்கும் தனித்தனியாக எட்டெட்டுப் படம். தழும்பு இருந்தால் அதற்குக் கிட்டத்தில் ஒரு படம். வாங்குகிறவர் விரலால் பெரிதாக்கினால் தோலின் துளை வரைக்கும் தெரிய வேண்டும். கையில் தடவிப் பார்க்க முடியாதவர்களுக்கு இதுவாவது வேண்டாமா என்பது அவள் நியாயம்.

கடை நகராமல் நின்றதும் அதனால்தான்.

அதைச் சொன்னவன் கோபி. வேலூரில் வெப்சைட் போட்டுக் கொடுக்கிறவன். இந்தக் கடையைக் கட்டிக் கொடுத்ததும் அவன்தான். லேப்டாப்போடு பஸ் ஏறி வந்து, பாக்கிங் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தான். பாக்கிங் செய்யும் சகீனாவின் போனைக் கேட்டு வாங்கினான். அது பழைய போன், விலை குறைந்த போன்.

"என்னோடது இன்னாத்துக்கு? உன்கிட்ட நல்ல போன் இருக்குதே," என்றாள் சகீனா.

"நல்ல போன்ல எல்லா கடையும் தொறக்கும், அக்கா. உங்களோடதுல தொறந்தா ஊர்ல எல்லாத்துலயும் தொறக்கும்."

"என் போனை இதுக்கு மேல யாரும் மட்டமா சொல்ல முடியாது."

சகீனாவின் போனில் கடை திறக்க நாற்பத்தொரு செகண்ட் ஆனது. முதல் பக்கத்தில் ஒரு வீடியோ ஓடும். தொழிற்சாலையை மேலேயிருந்து சுற்றிச் சுற்றி எடுத்தது, பாஷாவுக்கு உயிர். கோபி முதலில் அதை நீக்கினான்.

"அதுல எங்க அப்பா நிக்கிறாரு," என்றார் பாஷா.

"அப்பாவை போட்டோவா வெக்கலாம் பாய், ஓட வெக்க வாணாம்."

முப்பத்து மூன்று செகண்ட். பக்கம் திறந்ததும் குதித்து வந்து, உதவி வேண்டுமா என்று கேட்கும் சின்னப் பெட்டியை எடுத்தான். இருபத்தொன்பது. அதற்குப் பிறகு நகரவில்லை. கோபி லேப்டாப்பை சோபனா பக்கம் திருப்பினான்.

"மத்ததெல்லாம் உங்க படம்தான், அக்கா. ஒவ்வொண்ணும் நாலு எம்பி. இத்துனூண்டு திரைக்கு இவ்ளோ பெரிய படம் எதுக்கு? வாங்கறவங்க போன்ல மொத்தமும் வந்து எறங்கணும் இல்ல."

சோபனாவுக்கு முகம் சுருங்கியது. "பெரிசா இருந்தாதான தோல் தெரியும்?"

"தெரியறதுக்குள்ள ஆளே போய்ட்றாங்களே. சரியான வழி ஒண்ணு இருக்குது. முதல்ல சின்ன படம் வரணும். பெரிசா பாக்கறவங்க தொட்டா மட்டும் பெரிசு வரணும். அத எழுத எனக்கு ஒரு மாசம் ஆகும்."

"மூணு வாரம்," என்றார் பாஷா கதவருகில் நின்று.

"அப்ப படத்த சுருக்கறதுதான்." கோபி அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். ஒரு கோட்டை இடதுபக்கம் இழுத்தால் படம் மெலியும். "எண்பதுல வைங்க, அக்கா. அதுக்குக் கீழ போவாதீங்க." அவன் ஐந்தரை பஸ்சுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலையில் சோபனா உட்கார்ந்தாள். எண்பதில் வைத்து முதல் பக்கத்துப் படங்களைச் சுருக்கினாள். சகீனா போனைப் பார்த்து எண்ணிச் சொன்னாள். ஒன்பது.

இருபத்தொன்பது ஒன்பதாக இறங்கியதைப் பார்த்ததும் சோபனாவுக்கு உடம்பில் ஏதோ ஏறியது. அறுபதில் வைத்தாள். ஏழு. நாற்பது. ஐந்தரை. கோட்டுக்குக் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள் இருந்தன. ஒன்றில் புள்ளிகளைச் சுத்தம் செய் என்று எழுதியிருந்தது. அதில் குறி போட்டால் படம் இன்னும் மெலிந்தது. இன்னொன்றில் பழையதை மாற்று என்று இருந்தது. கம்ப்யூட்டரில் இடம் நிரம்பிவிட்டது என்று இரண்டு நாளாக எச்சரிக்கை வந்துகொண்டிருந்ததால் அதிலும் குறி போட்டாள்.

நான்கு. மூன்றரை.

அப்போதுதான் பழுப்புத் தோள்பை ஒன்றின் படம் திரையில் வந்தது. மூடியின் வலது ஓரத்தில் முள் கிழித்த கோடு ஒன்று, சுண்டுவிரல் நீளம் இருக்கும். சோபனாவே அதைக் கிட்டத்தில் படம் எடுத்திருந்தாள். இப்போது அந்த இடம் வழுவழுவென்று இருந்தது. தோலின் துளைகளையும் காணோம். மென்பொருளுக்கு அவை அழுக்கு. துடைத்துவிட்டது.

சோபனா பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள். நாலு விநாடி கை நின்றது.

"எவ்ளோ, சகீனா?"

"மூணு, அக்கா. ஒண்ணு ரெண்டு மூணு, வந்துடுச்சு."

சோபனா அடுத்த படத்துக்குப் போனாள்.

நான்கு நாளில் மூவாயிரத்து நானூற்றுச் சொச்சம் படமும் முடிந்தன. பாஷா டீயை வாங்கி மேசையில் வைத்துக் கடையைத் திறந்தார். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பைகள் வரிசையாக வந்து நின்றன. அவர் திரும்பத் திரும்ப மூடித் திறந்தார். கீழே போய்த் தையல்காரர்களிடம் காட்டினார். அன்று எல்லாருக்கும் சமோசா.

"படமும் இன்னா மாதிரி பளிச்சுன்னு இருக்குது பாரு," என்றார்.

சோபனா சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

ஆர்டர்கள் வந்தன. நோன்பு ஆரம்பித்த பிறகு இன்னும் வந்தன. சகீனா நோன்போடு பாக்கிங் செய்தாள். வாய் வறண்டு, பேச்சைக் குறைத்து, கை மட்டும் ஓடியது. மெட்ராஸ் வியாபாரியைப் பற்றி பாஷா பேசவில்லை. சோபனாவும் வீட்டில், வேலை நிலைத்துவிட்டது என்று மதியழகனிடம் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் சாதத்தைப் பிசைந்தாள்.

நோன்பின் ஏழாம் நாள் ஒரு பொட்டலம் திரும்பி வந்தது. அதற்கு முன்பே போன் வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்.

"பை நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா மூடியில கோடு கிழிச்சிருக்குது. படத்துல அப்படி எதுவுமே இல்லீங்களே?"

"பழுப்புத் தோள்பையா, மேடம்? வலது பக்கமா?"

"ஆமாங்க. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

சோபனா பணத்தைத் திருப்பி அனுப்புவதாக மட்டும் சொன்னாள். அந்தப் பெண் கத்தியிருந்தால் தேவலை. கேள்வி கேட்டுவிட்டு மரியாதையாக வைத்துவிட்டாள்.

பொட்டலம் வந்ததும் அந்தக் கோட்டின் மேல் கட்டைவிரலை வைத்தாள். பிறகு மீதிப் பைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் திரையில் உள்ள படத்தோடு ஒத்துப் பார்த்தாள். தழும்பு இருந்த பைகள் தொண்ணூற்றாறு. படத்தில் ஒன்றில்கூட இல்லை. கிட்டத்தில் எடுத்த படங்கள் வெறும் பழுப்புத் தாளைப் போல இருந்தன. கோபிக்குப் போன் போட்டாள்.

"பழைய படம் கம்ப்யூட்டர்லயே இருக்குமே, அக்கா. அதுலேர்ந்து எடுத்துக்கலாம்."

"பழையதை மாற்றுன்னு ஒரு கட்டம் இருந்துது, தம்பி. அதுல குறி போட்டுட்டேன். பழசு அழிஞ்சுபோச்சு."

"படம் எடுத்த போன்ல?" என்று கேட்டான் கோபி.

"சனிக்கெழமை சனிக்கெழமை போனைக் காலி பண்ணிடுவேன்."

"அப்ப மறுபடி எடுக்கணும். எண்பதுன்னு சொன்னேனே, அக்கா."

பாஷாவிடம் போய்ச் சொன்னாள். படத்தில் தழும்பு தெரியவில்லை, மறுபடி எடுக்கும் வரை அந்தத் தொண்ணூற்றாறையும் கடையிலிருந்து எடுத்து வைக்கலாம் என்றாள். எப்படித் தெரியாமல் போனது என்பதைச் சொல்லவில்லை. மென்பொருள் செய்தது என்று மட்டும் சொன்னாள்.

"எத்தனை திரும்பி வந்துது?"

"ஒண்ணு, பாய்."

"ஒண்ணுக்குப் போயா? தோல்னா தழும்பு இருக்கும்னு எழுதித்தானே வெச்சிருக்கோம். இப்ப நாலுல ஒரு பங்கு சரக்க மூட்டை கட்டி வெக்கச் சொல்றியா? பண்டிகை முடியட்டும். பேஜார் பண்ணாத."

அவர் தொழுகைக்குப் போனார். சோபனா பாக்கிங் அறைக்குத் திரும்பினாள். செலக்‌ஷன் மேசையில் ஒருத்தி தழும்பைப் பார்த்தும் ஃபர்ஸ்ட் என்று சொன்னால் அவளைப் பற்றி மற்றவர்கள் என்ன பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளே பேசியிருக்கிறாள். அப்படி ஒருத்தியோடு ஒரு மாதம் சேர்ந்து சாப்பிடாமல் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கெல்லாம் பாஷாவும் கீழே இருந்த ஆண்களும் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார்கள். மெஷின்கள் நின்றன. மூன்று மணிக்கு கூரியர் வண்டி வரும். ஒட்டி முடித்த நாற்பது பொட்டலங்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. சோபனா கத்தியை எடுத்து முதல் பொட்டலத்தின் டேப்பை அறுத்தாள்.

"அக்கா, இன்னா பண்றே?"

"பாக்கறேன்."

"நோன்பு வெச்சிக்கினு காலையிலேர்ந்து ஒட்டினேன் அதெல்லாம்."

"மறுபடி நான் ஒட்டறேன். நீ உக்காரு."

சகீனா உட்காரவில்லை. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு அவளும் ஒரு கத்தியை எடுத்தாள். நாற்பதில் தழும்பு இருந்தவை பதினொன்று. சோபனா பொட்டலத்தின் மேல் இருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டாள்.

"வணக்கம் சார், ஆம்பூர் தோல் கடையிலேர்ந்து பேசறேன். நீங்க கேட்ட பையில கீழ்ப்பக்கம் ஒரு தழும்பு இருக்குது. படத்துல அது தெரியல. அனுப்பலாமா வாணாமான்னு கேக்கத்தான்."

மதுரைக்காரர் ஒருவர். "தழும்புன்னா ஓட்டையா?"

"இல்ல சார். மாடு எங்கயோ உரசிக்கினு ஆறிப்போன எடம்."

"எம் மொழங்கால்ல இதவிடப் பெருசா ஒண்ணு கெடக்கு. அனுப்புங்க."

சகீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்தவர் வேண்டாம் என்றார். அதற்கடுத்த பெண் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். இரண்டு பேர் போனை எடுக்கவில்லை. அந்த இரண்டையும் தனியாக வைத்தாள். எட்டாவதாகப் பேசியவர் திருச்சியில் ஒரு ஆசிரியர் போலிருக்கிறது, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"தழும்பு இருக்குன்னு உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா?"

"இல்ல சார். முன்னாடியே தெரியும்."

"அப்ப ஏன் படத்துல மறைச்சீங்க?"

சோபனா போனை வேறு காதுக்கு மாற்றினாள். "கடை சீக்கிரம் தொறக்கணும்னு படத்த சுருக்கினேன், சார். சுருக்கறப்ப தழும்பு அழிஞ்சுது. முதல் பையிலேயே பாத்தேன். பாத்துட்டும் நிறுத்தல. கம்பெனி பண்ணல, நான்தான் பண்ணேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லி வைத்தார். சோபனா திரும்பினாள். படியின் மேல் பாஷா நின்றுகொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார். சகீனா டேப் சுருளை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

"கம்ப்யூட்டர் பண்ணுச்சுன்னு சொன்னே."

"ஆமா, பாய்."

"பாத்தியா நீ?"

"பாத்தேன்."

அவர் பிரித்துப் போட்ட பொட்டலங்களுக்கு நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நோன்பில் அவர் குரல் எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும். "நான் பண்டிகை முடியட்டும்னு சொன்னது என் தப்புதான். அது யாவாரிக்கு இருக்கற பேராசை. அத நான் அல்லாகிட்ட பேசிக்கிறேன். ஆனா உன்ன நான் பாத்து சொல்றதுக்குத்தான வெச்சேன்? நீ பாத்துட்டு சொல்லலன்னா எனக்கு யாரு சொல்லுவா?"

கடை மூடினால் வேலை போய்விடும் என்று பயந்துதான் செய்தேன் என்று சோபனா சொல்லலாம். அவர் அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார் என்று தோன்றியது.

அன்று மாலையே அந்தத் தொண்ணூற்றாறில் விற்காமல் மீதியிருந்த பைகள் எல்லாம் கடையிலிருந்து எடுக்கப்பட்டன. கோபி மறுநாள் வந்தான். சின்னப் படம் முதலில், தொட்டால் பெரிய படம் என்று அவன் முதலில் சொன்ன வழியில் எழுத ஆரம்பித்தான். வேலூரிலிருந்து காசிநாதன் என்ற போட்டோகாரரைக் கூட்டி வந்திருந்தான். சோபனா காமிராவுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது பாஷா அவளைக் கூப்பிட்டார்.

"படம் அவர் எடுக்கட்டும். நீ போன் பேசறதப் பாத்துக்கோ." பிறகு, சொல்ல வேண்டியதுதான் என்பதுபோல, "கடையோட பாஸ்வேர்ட் மாத்திட்டேன்" என்றார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. சம்பளத்தைக் குறைக்கவில்லை. பண்டிகைக்கு எல்லாருக்கும் கொடுத்த துணி அவளுக்கும் வந்தது. மறைக்காமல் எல்லாவற்றையும் மதியழகனிடம் சொன்னபோது, "அதான் வேல இருக்குதே, விடு," என்றான். சோபனாவும் இருக்கிறது என்றாள்.

கடை இப்போது நான்கு செகண்டில் திறக்கிறது. பாஷா ஒரு செகண்ட் பரவாயில்லை என்கிறார். காசிநாதன் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். நல்ல போட்டோகாரர். தோலைத் தடவிப் பார்ப்பதில்லை. பாஷா காட்டும் தழும்பைப் படம் எடுக்கிறார். பாஷாவின் கண்ணுக்குத் தப்பும் தழும்புகள் உண்டு. அது சோபனாவுக்குத் தெரியும், அறையின் இந்தக் கோடியிலிருந்தே சிலசமயம் தெரியும். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று யோசிப்பாள். முதல் இரண்டு வாரம் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் ஓசூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். கறுப்பு ஆபீஸ் பை ஒன்று.

"படத்துல சுத்தமா இருக்கு. வர்றதும் இப்படியேதான் இருக்குமா?"

இருக்கும் சார் என்று சொல்லிவிட்டு வைப்பது சுலபம். மற்ற கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். காசிநாதன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாஷா அவர் பக்கத்தில் நின்று எதையோ பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, சார்," என்றாள் சோபனா. போனை மேசையில் வைத்தாள். எழுந்து அவர்கள் இருவரையும் தாண்டிப் போய், அலமாரியிலிருந்து அந்தக் கறுப்புப் பையை இறக்கி, உள்ளங்கையை அதன் முதுகில் வைத்தாள். பாஷா பேச்சை நிறுத்திவிட்டு அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.